காளவாசல் கடையில் எப்போதும் தை மாசம்

— கடைச் சாவியக் குடு மீனா. நீ குடுத்த வாக்குத்தான். அம்மா முன்னாடி வச்சுக் குடுத்த.

— பத்தாப்பு ரிசல்ட் வர்ற நேரத்துக்கு நெட்டு வரலைன்னா சாவியக் குடுக்குறேன்னு சொன்னேன். ரிசல்ட் வந்துருச்சா? பத்து மணிக்குத்தான வரும். ஒக்காருண்ணே அந்த ஸ்டூல்ல.

— என்னத்த ஒக்கார? ஒரு வாரமா நெட்டே இல்லாத நெட் சென்டரு மதுரையிலயே ஒங்க கடை ஒண்ணு தான். நான் கேக்குறேன், டப்பா பூரா இங்கிலீசுல என்னமோ ஓடுது, அதுக்குள்ள நெட்டு எங்க இருக்கு?

— பேயாண்டி அண்ணே, பொறுங்க, பொறுங்க. வாடிப்பட்டியில இருந்து விடியக் கெளம்பி வந்திருக்கீங்க. டீ சொல்லவா?

— வேணாம் சொர்ணா தங்கச்சி. இன்னைக்கு நான் வெரதம்.

— என்ன வெரதம் அண்ணே?

— வெரதம்னா வெரதந்தான். நீ ஒன் வேலையப் பாரு சொர்ணா.

— ஸ்வர்ணா அண்ணே.

— அதத்தான சொன்னேன். சொர்ணா.

— ஸ்வர்ணாக்கா, அவர விடுங்க. மறுபடியும் போட்டுப் பாத்துட்டேன். அதே கததான். எர்ரர், எர்ரர், எர்ரர். ஸ்கிரீன் நெறஞ்சு வழியுது.

— எத்தன இருக்கும் மீனா?

— எண்ணுனா சாயங்காலம் ஆயிரும்.

— எம்புட்டு தப்பு! ஒரு ஆளு ஒரு வேலையில இம்புட்டு தப்பு பண்ண முடியுமா மீனா? எங்க இங்கிலீசு வாத்தியாரு கூட எனக்கு இம்புட்டு செவப்பு மை செலவழிச்சதில்ல.

— நான் பண்ணலண்ணே. மிஷின் சொல்லுது.

— பெயிலானவன் பூராம் இதத்தான் சொல்லுவான். நான் ஒழுங்காத்தான் எழுதுனேன், பேப்பர் திருத்துனவன் சரியில்லைன்னு.

— நீங்களும் அப்படித்தான் சொன்னீங்களாம்ல அண்ணே, பத்தாப்புல?

— மீனா! இதெல்லாமா ஊராருகிட்டச் சொல்லி வச்சிருக்க?

— ஊராரு இல்லண்ணே, ஸ்வர்ணாக்கா. கடையில பாதி அவங்களுது. பார்ட்னருகிட்ட எத மறைக்கிறது?

— சொல்லுவ, சொல்லுவ. எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கல. போன வாரம் வரைக்கும் நல்லாத்தான ஓடுச்சு? பயலுக வந்தானுக, தட்டுனானுக, போனானுக. ஓடிக்கிட்டு இருந்தத எவளாச்சும் அழிப்பாளா?

— டை கட்டிக்கிட்டு ஒருத்தன் வந்தான்ல. 'காப்பி போட்ட விண்டோஸ் வச்சிருக்கீங்க, கடைக்குச் சீல் வைப்பேன், வேணாம்னா வந்து தனியாப் பேசுங்க'ங்கிறான். எந்தக் கம்பெனின்னு கேட்டா பதில் இல்ல. கார்டு கேட்டா குடுக்கல. என்னைய மேலயும் கீழயும் பாத்துட்டு, 'ஆம்பள யாரும் இல்லையாம்மா'ன்னு கேட்டான்.

— எனக்கு ஒரு போனப் போட்டிருக்க வேண்டியதுதான?

— எதுக்கு? ஓனர் நான்தான்னேன். சிரிச்சான். அந்தச் சிரிப்பு இருக்கு பாரு, அதுக்குத்தான் அவன் கண்ணு முன்னாடியே அம்புட்டு மிஷினையும் அழிச்சேன். 'இப்ப எதுக்குடா சீல் வைப்ப? வெறும் டப்பாதான் இருக்கு, வச்சுட்டுப் போ'ன்னேன்.

— நான் தடுத்தேன் அண்ணே. ஒங்க தங்கச்சி கேட்டாத்தான?

— தடுத்தீங்களா? 'அந்த மூலையில இருக்குறத விட்டுட்ட மீனா'ன்னு கைய நீட்டிக் காட்டுனதே நீங்கதானக்கா!

— அதானே, ஒண்ண மட்டும் எதுக்கு மிச்சம் வைக்கணும்னு காட்டுனேன்.

— ரெண்டு பேரும் சரியான ஜோடி. சரி, அழிச்சீங்க. இப்ப இது என்னது, லினக்ஸா?

— ஆமாண்ணே. இனாம். பத்திரிகையோட வந்த சிடி. எத்தன மிஷின்ல வேணாலும் போடலாம், எவனும் வந்து கேக்க முடியாது. 

— அப்புறம் ஏன் நெட்டு வர மாட்டேங்குது?

— மோடம்னு ஒரு சாமான் டப்பாவுக்குள்ள இருக்கு. டெலிபோன் ஒயரு அதுலதான் வந்து சொருகுது. அது விண்டோஸுக்குன்னு செஞ்சது, லினக்ஸ் பேச்சக் கேக்காது. கேக்க வைக்க ஒரு புரோகிராம் இருக்கு. ஆனா அத ஆக்குன சோறாக் குடுக்கல, அரிசியும் பருப்புமாக் குடுத்திருக்கான். இந்த மிஷின்லயே நாமதான் ஆக்கி எடுக்கணும். அதுக்குப் பேரு கம்பைல்.

— சோறாக்கத் தெரியாதவளுக எல்லாம்...

— சொல்லு. முழுசாச் சொல்லி முடி.

— ஒண்ணுமில்ல. ஆக்கு, ஆக்கு.

— அண்ணே, வாசல்ல யாரோ கூப்பிடுறாங்க, கொஞ்சம் பாருங்களேன்.

— யார்றா அது? ரிசல்ட்டா? பத்து மணிக்கு வா. வரும்டா, வரும்! நெட்டு வராம எங்க போயிரப் போகுது? ஏய், இங்க வா, எதுத்த நெட் சென்டருக்கா போற? அங்க போகாத. கண்டதும் சொல்லுவான். இங்கயே நெழல்ல நில்லு.

— நீ எந்தக் கட்சிண்ணே? இப்பத்தான் சாவியக் குடுன்ன.

— வந்த ஆள வெரட்டச் சொல்றியா? கடை மூடுற வரைக்கும் கடைதான?

— கேக்குதா மீனா? எதுத்தாப்புல மைக்க எடுத்துட்டான்.

— 'ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்'. கேக்காம என்னக்கா, காது கிழியுது.

— நெட் சென்டருக்கு எதுக்கு மைக்கு?

— வருசா வருசம் உள்ளதுதாண்ணே. நம்பரக் குடுத்தா, பேரு, மார்க்கு, பாஸா பெயிலா, எல்லாத்தையும் மைக்குல படிப்பான். அப்பத்தான கூட்டம் சேரும்?

— பெயிலையுமா மைக்குல படிப்பான்?

— பெயிலத்தான் ரெண்டு தடவ படிப்பான். கூட்டமே அதக் கேக்கத்தான் வருது.

— மானங்கெட்ட பய! ஒருத்தன் பெயிலானா அது அவனுக்குத் தெரிஞ்சாப் போதாதா? சிக்னல்ல நிக்கிற ஷேர் ஆட்டோக்காரன் வரைக்கும் தெரியணுமா? இருங்க, நான் போயி அந்த மைக் ஒயரப் புடுங்கி எறிஞ்சுட்டு வாரேன்.

— ஒக்காருண்ணே! ஒனக்கு எதுக்கு இம்புட்டுக் கோவம்?

— ஞாயம்னு ஒண்ணு இருக்குல்ல.

— அக்கா, என்ன, ஒங்க வீட்டு பாஷையில முணுமுணுக்குறீங்க? என்னையத் திட்டுறீங்களா, மிஷினத் திட்டுறீங்களா?

— மிஷினத்தான். சௌராஷ்ட்ராவுல திட்டுனா யாருக்கும் வருத்தமில்ல. தமிழ்ல திட்டுனா ஒங்க அண்ணன் தனக்குன்னு எடுத்துக்குவாரு. மீனா, கீழ கடைசி எர்ரரயே வெறிச்சுப் பாத்துக்கிட்டு இருக்கியே, மொத எர்ரர் எது?

— மேல தள்ளிக்கிட்டே இருக்கேன்... தள்ளிக்கிட்டே... இந்தா. 'நோ சச் ஃபைல்'. கெர்னல் சோர்ஸ் கெடைக்கலையாம்.

— கெடைக்கலைன்னா?

— கெர்னல்னா லினக்ஸோட நடு உயிர்ண்ணே. அத எப்படிச் செஞ்சாங்கங்குற வெவரம் இருந்தாத்தான் மோடத்த அதோட சேக்க முடியும். அது இந்த மிஷின்ல ஏறல.

— அப்ப கீழ அலறுற மத்ததெல்லாம்?

— எல்லாம் இது இல்லாததால வந்த தப்புதான். இத ஒண்ணத் திருத்துனா அதுகளாப் போயிரும்.

— ஒரே தப்புதானா! அதுக்கா இம்புட்டு நேரம் என்னைய ஒக்கார வச்சீங்க? மொத தப்பத் திருத்திட்டா மத்தது எல்லாத்துக்குமே இப்படித்தானா?

— எல்லாத்துக்கும்னா எதுக்குண்ணே?

— சும்மா கேட்டேன்.

— அக்கா, கெர்னல் சோர்ஸ் மூணாவது சிடியில இருக்கும். அத எடுங்க.

— ஒண்ணு, ரெண்டு. கவருக்குள்ள ரெண்டுதான் மீனா இருக்கு.

— மூணும் நான் பாத்தேனே. மேசைக்குக் கீழ பாருங்க. அந்த பிரிண்டருக்குப் பின்னாடி?

— எங்கயும் இல்ல. போன மாசம் இந்த ஜன்னலோரம் தனியாக் கெடந்துச்சு, நானே பாத்தேன்.

— ஏம்மா, அது ஒரு பக்கம் பளபளன்னு, மறு பக்கம் ஒரு பறவை படம் போட்டது தான?

— ஆமா, பெங்குயின். நீ எங்கண்ணே பாத்த?

— பாக்குறது என்ன? என் பைக்குல தொங்குது.

— என்னது!

— நம்பர் பிளேட்டுக்கு மேல கம்பி வச்சுக் கட்டியிருக்கேன். இருட்டுல லாரிக்காரன் லைட்டடிச்சா ஜொலிக்கும். ஊருல அவன் அவன் தென்னமரத்துல கட்டுறான், காக்காவ வெரட்ட. வெட்டியாக் கெடக்குன்னு நெனச்சு எடுத்துட்டுப் போனேன். இப்படி மொறைக்காத மீனா.

— ஓடுண்ணே! அவுத்துட்டு வா!

— இந்தா வாரேன்... இந்தா. கம்பி கொஞ்சம் உரசியிருக்கு. சாணியும் தெறிச்சிருக்கு. மத்தபடி நல்லாத்தான் இருக்கு.

— வாடிப்பட்டி ரோட்டுச் சேறு பூராம் இதுலதான் இருக்கு. அக்கா, சோப்பத் தாங்க.

— மொதல்ல சோப்பு. அப்புறம் பேஸ்ட். பல்லு வெளக்குற வெள்ளப் பேஸ்ட், என் பையில இருக்கும் பாரு. கீறலு மேல தடவி, நடுவுல இருந்து வெளிப்பக்கமாத் தேய்க்கணும். வட்டமாத் தேய்க்காத.

— சிடிக்குப் பல்லு வெளக்கி விடுறத இன்னைக்குத்தான் பாக்குறேன்.

— நீ பேசாத. ஒன்னாலதான் இதுக்குப் பல்லு வெளக்குறோம்.

— ஓடுதா?

— சுத்துது... கரகரங்குது... நின்னுருச்சு.

— அடியே, நின்னுருச்சா?

— இரு, மறுபடி சுத்துது. படிக்குது! ஏறுதுக்கா, கெர்னல் சோர்ஸ் ஏறுது!

— அப்பாடா. அப்ப பத்து மணிக்குள்ள வந்துரும்ல?

— நெட்டு வரக் கூடாதுன்னு வந்தவரு நீங்க, வந்துரும்லன்னு கேக்குறீங்க?

— வெவரம் கேக்குறது தப்பா தங்கச்சி? பேட்டரிக் கடைக்காரன் மத்தியானம் வந்து எடத்தப் பாக்குறேன்னுருக்கான். அவனுக்கு நான் ஒரு பதிலச் சொல்லணும்ல.

— ஓ, அதுவரைக்கும் போயாச்சா? கடையப் பேசி முடிச்சுட்டுத்தான் வந்திருக்கியா?

— வாடகைச் சீட்டு என் பேருல இருக்கு மீனா. மறந்துராத.

— மறக்கல. சுத்தி இருக்குற நாலு செவுருதான் ஒன் பேருல இருக்கு. உள்ள இருக்குறது எங்களுது. ஒவ்வொரு டப்பாவும் நாங்க தூக்கிட்டு வந்து எறக்குனது. 

— ஊருல என்ன பேசுறாய்ங்கன்னு ஒனக்குத் தெரியாது. பேயாண்டி தங்கச்சி காளவாசல்ல பயலுகளுக்கு நடுவுல ஒக்காந்திருக்காளாம்னு டீக்கடையில பேசுறாய்ங்க. என் காதுபடப் பேசுறாய்ங்க.

— பேசட்டும். நான் கல்லாவுல ஒக்காந்திருக்கேன்னு போயிச் சொல்லு. நீ அவிய்ங்க வாய மூட மாட்ட, என் கடைய மூட வந்துட்ட. ஒனக்கு அவிய்ங்க பேச்சு பெருசா, நான் பெருசா?

— அப்படிக் கேக்காத.

— கேப்பேன். கடைய மூடிட்டு நான் வாடிப்பட்டிக்கு வந்தா என்ன செய்யணும்? பொண்ணு பாக்க வர்றவனுக்கெல்லாம் காபி எடுத்துக் குடுத்துட்டுத் தலையக் குனிஞ்சு நிக்கணும். என்னால ஆகாதுண்ணே. ஒடம்புல உசுரு இருக்குற வரைக்கும் ஆகாது.

— எங்க வீட்டுல எனக்கு மட்டும் என்ன வச்சிருக்காங்க மீனா? மாமா ஜவுளிக்கடையில பில்லுப் போட வான்னு காத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. போக மாட்டேன். கடைய மூடுனா இந்த வாசல்லயே குடை விரிச்சு டப்பாவ வச்சு ஒக்காருவேன்.

— ஏத்தி முடிஞ்சுது. அக்கா, மறுபடியும் கம்பைல் போடுறேன்.

— போடு. சாமிய நெனச்சுப் போடு.

— எர்ரர் வரல... இன்னும் வரல... அக்கா, ஒண்ணு கூட இல்ல!

— நான் சொல்லல? மொத தப்பத் திருத்துனாப் போதும்னு?

— நாங்க சொன்னோம்ணே, நீ கேட்ட.

— யாரு சொன்னா என்ன? முடிஞ்சுதா?

— ஓடிக்கிட்டே இருக்கு. இரு.

— மீனா, இந்த வரி இப்பத்தான போச்சு? மறுபடியும் வருது பாரு.

— 'கிரியேட்டிங் மேக்ஃபைல்'. ஆமாக்கா. இந்தா, மறுபடியும். மறுபடியும் வருது.

— தெப்பக்குளத்துல தெப்பம் சுத்துற மாதிரி சுத்துதே. இது எப்பக் கரையேறும்?

— ஏறாது போலண்ணே. செஞ்சதையே திருப்பித் திருப்பிச் செய்யுது. எர்ரரும் இல்ல, முடியவும் மாட்டேங்குது. இதுக்கு எர்ரரே வந்திருக்கலாம். எங்க அடி வாங்குறோம்னாவது தெரியும்.

— நிறுத்திட்டு மறுபடி போடேன்.

— போட்டுட்டேன்க்கா. அதேதான்.

— மணி என்ன தங்கச்சி?

— ஒம்பதரை தாண்டிருச்சு. நீங்க என்ன அண்ணே சட்டப்பையத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டு இருக்கீங்க? பேட்டரிக்காரன் குடுத்த அட்வான்ஸா?

— ஆமா... அட்வான்ஸுதான். வச்சுக்கயேன்.

— வாங்கியே வந்துட்டியா? நல்லா இருண்ணே. நல்லா இரு.

— அத விடு மீனா. இந்தா, நடுவுல இந்த வரி என்னா? நின்னு நின்னு போகுது. 'ஃபைல்... ஹேஸ்... மாடி... மாடிஃபி...'

— அது வார்னிங்குண்ணே. எர்ரர் இல்ல. நாங்க கண்டுக்குறதில்ல.

— '...டைம் இன் த ஃபியூச்சர்'. ஃபியூச்சருன்னா வருங்காலம்தான? 'ஐ வில் கோ'. நான் போவேன்.

— என்னது?

— நேத்துப் போனதுக்கு 'வென்ட்', நாளைக்குப் போறதுக்கு 'வில் கோ'. வருங்காலம்.

— இதெல்லாம் ஒனக்கு எப்படிண்ணே தெரியும்?

— டீவியில சொல்றாய்ங்கல்ல. அது கெடக்கட்டும், டப்பா எதுக்கு வருங்காலத்தப் பத்திப் பேசுது? ஜோசியமா பாக்குது?

— இரு. அந்த வரிய விடாத, நிறுத்துறேன். இந்தா, பக்கத்துல ரெண்டு தேதி போட்டிருக்கு. அக்கா, இந்த ஃபைல எழுதுனது இந்த வருசம் பிப்ரவரி. ரெண்டாயிரத்து மூணு.

— சரி. இப்ப மே மாசம். பிப்ரவரி போயி ரொம்ப நாளாச்சே, அது எப்படி வருங்காலம் ஆகும்?

— மிஷினோட தேதி என்ன தெரியுமா? ரெண்டாயிரத்து ஒண்ணு, ஜனவரி. தை மாசம்! இந்த மிஷினுக்கு இன்னும் இந்த வருசமே பொறக்கல. அதான், எதச் செஞ்சாலும் பழசாயிருச்சு பழசாயிருச்சுன்னு திரும்பத் திரும்பச் செய்யுது. அக்கா?

— எங்க, அந்தத் தேதியக் காட்டு. ஜனவரியா?

— இந்தா, பாருங்கக்கா. தேதியில கைய வச்சது யாரு?

— ஐயோ மீனா. நான்தான்.

— நீங்களா?

— பழைய விண்டோஸ்ல டைமிங் சாஃப்ட்வேர் ஒண்ணு வச்சிருந்தோம்ல, யாரு எம்புட்டு நேரம் ஒக்காந்தாங்கன்னு கணக்குப் பாக்க? அது ஒரு மாசம்தான் இனாமா ஓடும். அப்புறம் காசு கேக்கும். அதுக்காக தெனம் காலையில தேதிய நம்ம கடை தொறந்த நாளுக்கு மாத்தி வச்சுருவேன். மாசமே முடியாதுல்ல.

— அந்த சாஃப்ட்வேரும் போச்சு, விண்டோஸும் போச்சு. இன்னைக்குக் காலையில எதுக்கு மாத்துனீங்க?

— யோசிச்சா செஞ்சேன்? வாசல் தெளிப்பேன், சூடம் காட்டுவேன், மிஷினப் போடுவேன், டெலிட் பட்டனத் தட்டித் தேதிய மாத்துவேன். தெனம் செஞ்சு செஞ்சு கை பழகிப் போச்சு மீனா. இப்ப நீ சொல்லித்தான் எனக்கே தெரியுது.

— அடக் கொடுமையே! சித்திரை வந்துச்சு, அழகரு ஆத்துல எறங்குனாரு, திரும்ப மலைக்கே போயிட்டாரு. ஒங்க கடையில மட்டும் இன்னும் பொங்கப்பானைய எறக்கல!

— சிரிக்காதீங்க அண்ணே. எனக்கு அழுகையா வருது. ஒரு வாரமா இவ சோறு தண்ணி இல்லாம இதோட மல்லுக்கு நிக்கிறா, எல்லாம் என் கையால.

— அழுகுறத அப்புறம் அழுவோம்க்கா. தேதிய மாத்துறேன். மே மாசம், ரெண்டாயிரத்து மூணு. இந்தா போட்டாச்சு. ஓடு பாப்போம், ஓடு.

— சுத்துதா?

— ஒரு தடவ 'கிரியேட்டிங்'னுச்சு. அந்த வரி திரும்ப வரல. மேல போகுதுண்ணே... போகுது... முடிஞ்சுருச்சு!

— முடிஞ்சுருச்சுன்னா? நெட்டா?

— சோறு வெந்துருச்சு. இனிப் பரிமாறணும். அக்கா, போன் ஒயரச் சொருகுங்க. டயல் பண்றேன்.

— சொருகிட்டேன்.

— சத்தத்தக் காணோமே.

— வரும் அண்ணே, பொறுங்க, பொறுங்க... இந்தா!

— ஆத்தி, இந்தக் கீச்சு சத்தம் இம்புட்டு நல்லா இருக்கும்னு எனக்கு இத்தன நாளாத் தெரியாம போச்சே. கனெக்ட் ஆயிருச்சுக்கா!

— மீனா! என் தங்கமே!

— ரிசல்ட்டுப் பக்கத்தத் தொற. தொறக்குதா?

— மெதுவா வருதுண்ணே. ஊரே இப்ப இதத்தான தட்டிக்கிட்டு இருக்கும். தலைப்பு வந்துருச்சு. நம்பர் போடுற கட்டம்... வந்துருச்சு. மணி பாருண்ணே, இன்னும் பத்து ஆகல. சாவி கெடையாது. பேட்டரிக்காரன வேற எடம் பாக்கச் சொல்லிட்டு நீ கெளம்பு.

— ஏய், பத்து அடிச்சிருச்சு, அங்க ஆரம்பிச்சுட்டான். கேளு மீனா. '...கணக்குல பெயில். மறுபடியும் சொல்றேன், பெயில்'.

— பாவம், யாரு பெத்த புள்ளையோ. அண்ணே, என்ன இப்படி வேர்க்குது ஒங்களுக்கு?

— அக்கா, வாசல்ல நிக்கிறவங்களுக்குச் சொல்லுங்க. இங்க மைக்கு கெடையாது. ஒருத்தர் ஒருத்தரா உள்ள வரட்டும். நம்பர அவங்களே அடிச்சு அவங்களே பாத்துக்கட்டும், நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்.

— சொர்ணா தங்கச்சி, நில்லு. வாசலுக்குப் போகாத. மீனா, கடைச் சட்டர எறக்கு.

— வாக்கு மாறுறியா? நெட்டு வந்துருச்சு! கண்ணால பாத்த! இன்னமும் சாத்தச் சொன்னா என்ன அர்த்தம்? எறக்க மாட்டேன். நீயா எறக்குனா நான் அதுக்குக் கீழ படுத்துக்குவேன்.

— ஏய் கத்தாத. ஒரு அஞ்சு நிமிசம். வெளிய நிக்கிறவன் பாக்காத அளவுக்கு எறக்குனாப் போதும். மொதல்ல இதப் புடி, இந்தப் பொட்டலத்த.

— என்னது இது? இதுவா அட்வான்ஸு?

— அட்வான்ஸும் இல்ல ஒண்ணும் இல்ல. அய்யனாரு துண்ணூறு. விடியக் கோயிலத் தொறக்கச் சொல்லி வாங்கிட்டு வந்தேன். டப்பாவுக்கு ஒரு கீத்து பூசிட்டு, நான் சொல்ற நம்பர அடி.

— பூசிட்டேன். சொல்லுண்ணே. எதப் பாத்துச் சொல்ற, சீட்டு எங்க?

— சீட்டுல வச்சா யாராச்சும் பாத்துருவாய்ங்க. மனப்பாடம். சொல்றேன், மெதுவா அடி... ம்... ம்... கடைசி ரெண்டும் சைபரு. அடிச்சுட்டியா? தட்டிராத. சட்டர எறக்கிட்டுத் தட்டு.

— எறக்கிட்டேன். அண்ணே, யாரு நம்பரு இது?

— நல்லா எறக்குனியா?

— எறக்கியாச்சுண்ணே. இப்பச் சொல்லு.

— என்னுது. இங்கிலீசு மட்டும்தான் பாக்கி, எத்தனாவது தடவன்னு கேக்காத. மீனா, நீயே தட்டு. பெயிலுன்னு வந்தாலும் சாவிய நீயே வச்சுக்க. அக்டோபர்ல மறுபடியும் எழுதுவேன், அப்ப மைக்கு இல்லாத கடைக்கு நான் எங்க போவேன்?